கல்லில் உள்ளதும் சொல்லில் உள்ளதும்
அருளுரைகளில் வழங்கும் வரலாற்றுத் துணுக்குகளைக் குறித்து ஓர் ஆய்வு

நம் திருச்சபைகளில் அருளுரைகளைத் தொடர்ந்து கேட்டுவருவோர் ஒன்றை அறிவர். திருமறைப் பகுதிக்குத் தரப்பட்ட விளக்கம் மறந்துபோன பின்னும், அருளுரையாளர் இடையிலே சொன்ன ஒரு வியப்புச் செய்தி சபையாரின் நினைவில் தங்கிவிடுகிறது. பரங்கிமலைச் சிலுவையை அப்போஸ்தலன் தோமாவே தம் கையால் செதுக்கினார் என்பது அத்தகைய ஒன்று. ஜி. யு. போப் ஐயரின் கல்லறையில் அவர் தம்மைத் ‘தமிழ் மாணவன்’ என்று பொறிக்கச் செய்தார் என்பது மற்றொன்று. குக் மாலுமிக்கு முன்னரே தமிழர் நியூசிலாந்தைக் கண்டனர் என்பதும், அப்போஸ்தலரின் கல்லறைமீது எழுந்த ஆலயங்கள் உலகில் மூன்றே என்பதும் இவ்வரிசையில் சேர்வன. கேட்போர் வியக்கின்றனர், வீடு சென்று பிள்ளைகளுக்குச் சொல்கின்றனர், அப்பிள்ளைகள் நாளை வேறொரு மேடையில் அதையே சொல்கின்றனர்.

இத்துணுக்குகள் உண்மையா என்று கேட்பது அவசியமா? நல்ல நோக்கத்தோடு சொல்லப்படும் சிறு செய்தியை ஆராய்ந்து சபையாரின் மகிழ்ச்சியைக் கெடுப்பானேன் என்று சிலர் எண்ணலாம். அவசியமே என்பது நம் கருத்து. அதற்கான காரணங்களைச் சில எடுத்துக்காட்டுகளின் வாயிலாக இக்கட்டுரையில் காண்போம். அவற்றுள் சில பொய்த்துப்போகும். சில மெய்யென்று நிலைக்கும். சில சொல்லப்படும் விதத்தில் பொய்யாகவும் வேறொரு விதத்தில் மெய்யாகவும் இருக்கும். இம்மூன்றையும் பிரித்தறியும் பயிற்சியே இறையியல் மாணவருக்கு வேண்டுவது.

1. கேள்வி எழும் இடம்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் உள்ள படப்பை, ஒரு தலைமுறைக்கு முன்வரை ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த ஊராக இருந்தது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியிலும் தொழிற்சாலைகள் எழுந்த பின், தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் இளைஞர் பெருந்திரளாக இங்கு வந்து தங்கியுள்ளனர். அவர்களுள் கிறிஸ்தவர் ஞாயிறுதோறும் அருகிலுள்ள சபைகளில் அமர்கின்றனர். தொழிற்பயிற்சியும் பொறியியலும் கற்ற அவ்விளைஞர் ஆறு நாளும் செய்யும் வேலையின் இயல்பை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். ஓர் ஊர்தியில் பொருத்தப்படும் சிறு பாகமும் எந்நாளில், எந்தத் தொகுதியில், எவரிடமிருந்து வந்தது என்று குறிக்கப்பட்டிருக்கும். குறிப்பில்லாத பாகம் பார்வைக்கு எவ்வளவு நேர்த்தியாயினும் ஒதுக்கி வைக்கப்படும். வாரமெல்லாம் இப்படிச் சோதித்துப் பழகியவர் ஏழாம் நாளில் நம் முன் அமர்ந்து, எங்கிருந்து வந்தது என்று எவரும் அறியாத செய்தியைக் கேட்கிறார். வெளியே வந்ததும் தம் கைப்பேசியில் அதைத் தேடிப் பார்க்கிறார். அச்செய்தி பொய்யென்று கண்டால், அதே வாய் சொன்ன உயிர்த்தெழுதலைப்பற்றி அவர் என்ன நினைப்பார்? இக்கேள்வியே நம்மை இவ்வாய்வுக்குத் தூண்டுகிறது.

2. பரங்கிமலைச் சிலுவை

படப்பையிலிருந்து தாம்பரம் வழியாக ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் அடையக்கூடிய பரங்கிமலையிலிருந்தே தொடங்குவோம். மலையுச்சியிலுள்ள ஆலயத்தின் பீடத்துக்குப் பின்னே கருங்கல்லில் புடைப்பாகச் செதுக்கிய ஒரு சிலுவை உள்ளது. அதன் மேல் ஒரு புறா. அதைச் சுற்றி வளைவாக ஓர் எழுத்து வரிசை. 1547இல் போர்த்துக்கீசியர் அங்கு ஒரு சிற்றாலயம் கட்ட அடித்தளம் தோண்டியபோது இக்கல் வெளிப்பட்டது. எழுத்து எம்மொழியினது என்பதை எவரும் அறிந்திலர்.

அதன்பின் நிகழ்ந்ததே நாம் கூர்ந்து நோக்கவேண்டியது. கற்றறிந்த பிராமணர் ஒருவர் அழைக்கப்பட்டார். அவர் அவ்வெழுத்துகளைப் ‘படித்தார்’. கன்னியிடத்தில் பிறந்த தேவகுமாரனைப்பற்றியும், அவருடைய சீடராகிய தோமா இந்நாட்டுக்கு வந்ததைப்பற்றியும், அரசர் அவரை வணங்கியதைப்பற்றியும் ஒரு நீண்ட வரலாறு அக்கல்லில் அடங்கியிருப்பதாகச் சொன்னார். ஒரு வரியில் அடங்கும் எழுத்துகளில் இத்தனை செய்தி எவ்வாறு அடங்கும் என்ற வினாவுக்கு, ஒவ்வொரு குறியும் பல சொற்களைக் குறிக்கும் என்பது விடையாயிற்று. தொலைவிலிருந்து வந்த மற்றொருவரும் அவ்வாறே படித்தார் என்று அக்காலத்தவர் எழுதினர். இரண்டு சாட்சிகள் கிடைத்துவிட்டனர், இனி ஐயமேது? இவ்வாசகம் ஐரோப்பிய நூல்களிலும் ஏறியது. மூன்று நூற்றாண்டுகள் அது சான்றாக எடுத்தாளப்பட்டது.

1873இல் சென்னை மாகாண ஆட்சிப்பணியிலிருந்த ஏ. சி. பர்னெல் என்னும் அறிஞர், இவ்வெழுத்து பாரசீகத்தின் பழைய எழுத்தாகிய பாலவி என்று நிறுவினார். கல்லின் காலத்தை ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளை ஒட்டி அவர் வரையறுத்தார். அவருக்குப்பின் ஹாக், வெஸ்ட் முதலியோரும், இருபதாம் நூற்றாண்டில் வின்க்வொர்த் போன்றோரும் அதைப் படித்தனர். பாலவி எழுத்து படிப்பதற்கு அரியது. ஒரே குறி பல ஒலிகளுக்கு நிற்பது. எனவே வாசிப்புகள் தம்முள் வேறுபடுகின்றன. சிலுவையின் பாடுகளைப்பற்றிய ஒரு கூற்று என்று ஒருவர் கொள்ள, கிறிஸ்துவின் இரக்கத்தை வேண்டும் ஒருவரின் சிறு மன்றாட்டு என்று மற்றொருவர் கொள்வார். ஆயினும் இவற்றுள் எதிலும் தோமாவின் பெயர் இல்லை. அரசர் வணங்கிய வரலாறும் இல்லை.

இங்கே நாம் கற்கவேண்டியவை இரண்டு. முதலாவது, படிக்கத் தெரியாத ஒருவரை அவர் சொல்வது நமக்கு உகந்தது என்பதற்காக நம்பினோம். அவர் சொன்னது நம் சமயத்துக்கு மாறாக இருந்திருப்பின், ஒரு வரியில் இவ்வளவும் எப்படி அடங்கும் என்று அன்றே கேட்டிருப்போம். இரண்டாவது, இரண்டாம் சாட்சி உண்மையில் சாட்சியல்லர். இரண்டு மூன்று சாட்சிகளின் வாக்கினால் காரியம் நிலைவரப்படவேண்டும் என்ற உபாகம விதியின் (19:15) நோக்கம் எண்ணிக்கையன்று; ஒருவரையொருவர் சாராது தாமே கண்டவராக அவர்கள் இருக்கவேண்டும் என்பதே. இருவரும் அறியாத மொழியை இருவரும் ஒன்றாகப் படித்தார்கள் என்றால், ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொன்னார் என்பதே பொருள். இன்றும் பத்து நூல்களில் உள்ளது என்று நாம் எடுத்துக்காட்டும் செய்தி, பெரும்பாலும் ஒரே நூலிலிருந்து ஒன்பது நூல்கள் எடுத்தாண்டதேயாகும்.

அப்படியானால் இச்சிலுவையால் நமக்குப் பயன் இல்லையா? மெய்யான வியப்பு இங்கேதான் தொடங்குகிறது. போர்த்துக்கீசியர் இக்கரையில் கால் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, பாரசீக மொழியில் மன்றாடிய கிறிஸ்தவர் இம்மலையில் இருந்தனர் என்பதற்கு இக்கல் நேரடிச் சான்று. இதே வகைச் சிலுவைகள் கோட்டயம், கடமற்றம், முட்டுச்சிறை முதலிய கேரள ஊர்களில் உள்ளன. கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு 849இல் வழங்கிய செப்பேட்டிலும் பாலவி எழுத்தில் சாட்சிகளின் ஒப்பம் உள்ளது. கடல்வழி வந்த வணிகரும், கீழைத் திருச்சபையின் விசுவாசிகளும் நம் கரைகளில் வழிபட்டு வாழ்ந்த ஒரு காலம் இவற்றால் தெளிவாகிறது. பொய்யான வாசிப்பை விட்ட பின்னரே இம்மெய்யான வரலாறு நம் கைக்கு வந்தது என்பதை மறத்தலாகாது.

3. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்லறை

அடுத்த கல் தொலைவில் உள்ளது. ஆயினும் அதைப்பற்றிய செய்தி தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லார் வாயிலும் உள்ளது. டாக்டர் ஜி. யு. போப், தம் கல்லறையில் ‘தமிழ் மாணவன் ஒருவன் இங்கு உறங்குகிறான்’ என்னும் கருத்துப்பட எழுதவேண்டுமென்று விரும்பினார் என்றும், அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது என்றும் மேடைகளில் கேட்கிறோம், நூல்களில் படிக்கிறோம். தமிழ் விழாக்களில் கிறிஸ்தவர் பேச நேர்ந்தால் முதலில் எடுப்பது இச்செய்தியையே.

போப் ஐயரின் வாழ்வைச் சுருங்கக் காண்போம். 1820இல் இன்றைய கனடாவைச் சார்ந்த பிரின்ஸ் எட்வர்டு தீவில் பிறந்தார். 1839இல் சென்னை வந்தார். சாயர்புரத்திலும் தஞ்சையிலும் உதகையிலும் பெங்களூரிலும் ஊழியமும் கல்விப்பணியும் ஆற்றினார். இங்கிலாந்து திரும்பிய பின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். திருக்குறளின் ஆங்கிலப் பெயர்ப்பு 1886இலும், நாலடியார் 1893இலும், திருவாசகம் அவருடைய எண்பதாம் வயதில் 1900இலும் வெளிவந்தன. 1908 பிப்ரவரியில் மறைந்து, ஆக்ஸ்ஃபோர்டின் புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்பண்ணப்பட்டார்.

அக்கல்லறை இன்றும் உள்ளது. அதன் எழுத்து ஆங்கிலத்தில் தெளிவாக உள்ளது. சென்று கண்டோர் படம் பிடித்தும் வெளியிட்டுள்ளனர். அதில் தமிழ் மாணவன் என்ற தொடர் இல்லை. இருப்பது வேறு. அவர் பெயரை அடுத்து, அவர் தென்னிந்தியாவுக்குரியவர் என்று காணப்படுகிறது. பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராகவும் பேலியல் கல்லூரியின் குருவாகவும் இருந்ததையும், பிறந்த, இறந்த நாள்களையும் கல் குறிக்கிறது. கீழைநாட்டு இலக்கியத்துக்கும் மெய்யியலுக்கும் அவர் வாழ்நாளெல்லாம் உழைத்த உழைப்பை மெச்சி, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் இக்கல்லை நாட்டினர் என்று அது முடிகிறது.

இதைப் படித்தபின் நாம் ஏமாற்றம் அடையவேண்டுமா? இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். வழங்கும் கதையில் ஒருவர் தம்மைப்பற்றித் தாமே பணிவாகச் சொல்லிக்கொள்கிறார். உண்மையான கல்லிலோ மற்றவர் அவரைப்பற்றிச் சொல்கின்றனர். அட்லாண்டிக் கடலின் ஒரு தீவில் பிறந்து ஆங்கில மண்ணில் புதைக்கப்பட்ட ஒருவருக்குத் தென்னிந்தியாவே ஊர் என்று எழுதப்பட்டிருக்கிறது. அவர் நாடு திரும்பி ஏறக்குறைய கால் நூற்றாண்டு கடந்த பின்னும், கடலுக்கு இப்பாலிருந்த தமிழர் அவர் கல்லறைக்குத் தம் பங்கைச் செலுத்தியிருக்கின்றனர். கதையில் இருப்பது ஒருவரின் சொல். கல்லில் இருப்பது இரு சாராரின் அன்பு. உண்மையைத் தேடாததால் நாம் இழந்தது அதிகம். அழகான கதையைச் சொல்லிக்கொண்டே அதனினும் அழகான வரலாற்றை நூறாண்டுக்கு மேலாக மறைத்துவைத்தோம்.

போப் ஐயரைச் சார்ந்து வளர்ந்த இன்னொரு கூற்றும் உண்டு. திருவள்ளுவர் தோமாவிடம் கற்றவர் என்று போப் நிறுவினார் என்பர். அவர் செய்தது அதுவன்று. குறளின் முன்னுரையில், மயிலாப்பூர்க் கடற்கரையில் கிறிஸ்தவப் போதகரோடு வள்ளுவர் உரையாடியிருக்கலாமென்று அவர் கற்பனை செய்து காண்கிறார். வள்ளுவரின் காலத்தை அவர் கி.பி. 800க்கும் 1000க்கும் இடையில் வைத்தவர். ஆகவே அவர் எண்ணிய போதகர் தோமாவாக இருத்தல் இயலாது. அவர் கருதிய காலத்தை இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை. அவருடைய ஊகத்துக்குச் சான்றும் இல்லை. ஒருவர் ‘இருக்கலாம்’ என்று எழுதியதை அடுத்தவர் ‘இருந்தது’ என்று எழுதுவதும், மூன்றாமவர் அதற்குப் பெயரும் ஆண்டும் சேர்ப்பதும் துணுக்குகள் வளரும் முறை. மேலும், தமிழர் அனைவருக்கும் பொதுவான ஒரு நூலைச் சான்றின்றி நம்முடையதாக்கிக்கொள்வது அயலானுடைய பொருளை இச்சிப்பதற்கு ஒப்பாகும்.

4. உருளைக்கிழங்கு வெந்த மணி

மூன்றாம் எழுத்து கல்லில் இல்லை, வெண்கலத்தில் உள்ளது. வில்லியம் கொலென்சோ என்னும் மிஷனரி அச்சர், மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை 1837இல் அச்சிட்டு முடித்தவர். அதற்குச் சற்று முன், நியூசிலாந்தின் வட பகுதியில் மாவோரி மக்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். உற்றுப் பார்க்க, அது விளிம்பு உடைந்த ஒரு மணி. பெரும்புயலில் சாய்ந்த மரத்தின் வேரடியில் அது கிடைத்ததாக அவர்கள் சொன்னார்கள். ஓர் இரும்புப் பாத்திரத்தைக் கொடுத்து அவர் அதைப் பெற்றுக்கொண்டார். அதில் இருந்த எழுத்து தமிழ் என்று பின்னர் அறியப்பட்டது. முகையதீன் பக்ஸ் என்பாரது கப்பலின் மணி என்பது அதன் பொருள். இன்று அது வெலிங்டனில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

இச்செய்தி முழுவதும் மெய். ஆயின் இதிலிருந்து, தமிழர் கப்பலோட்டி நியூசிலாந்தில் இறங்கினர் என்று முடிப்பது வேறொரு செயல். மணி சென்றது என்பதால் மணிக்குரியவர் சென்றார் என்பது பெறப்படாது. கைவிடப்பட்ட கப்பல் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம். மணி கைமாறிப் பிறர் கப்பலில் ஏறியிருக்கலாம். எழுத்தின் காலத்தைப்பற்றியும் அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. பொருள் மெய்யானால் ஊகமும் மெய்யென்று கொள்வது பலரும் வழுக்கும் இடம். ஆனால் மணி ஐயமறச் சொல்லும் ஒன்றும் உண்டு. அது ஓர் இசுலாமியத் தமிழரின் பெயரைத் தாங்கியுள்ளது. தமிழரின் கடலோட்டத்தைப் பெருமையாகப் பேசும் நம்மில் பலர், அப்பெருமையில் மரைக்காயர் முதலிய முஸ்லிம் வணிகரின் பங்கைச் சொல்வதில்லை. மணியில் எழுதப்பட்டிருப்பதை முழுமையாகப் படித்தால் அதைச் சொல்லாமல் விட இயலாது.

5. மூன்று கல்லறைகளும் ஓர் அரசனும்

அப்போஸ்தலரின் கல்லறைமீது எழுந்த ஆலயங்கள் ரோமில் பேதுருவினதும், ஸ்பெயினில் யாக்கோபினதும், மயிலாப்பூரில் தோமாவினதும் ஆகிய மூன்றே என்பது நம் நகரில் அடிக்கடி கேட்கும் கூற்று. இதைச் சோதிக்க நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. ரோமிலேயே பவுலின் கல்லறைமீது ஒரு பேராலயம் உள்ளது. எபேசுவில் யோவானின் கல்லறை என்று வழங்கிய இடத்தில் ஆறாம் நூற்றாண்டில் யுஸ்தினியான் பேரரசன் எழுப்பிய ஆலயத்தின் இடிபாடுகளைக் காணலாம். இத்தாலியில் சலேர்னோ மத்தேயுவையும், அமால்ஃபி அந்திரேயாவையும் தம்மிடம் உடையன என்று கூறுகின்றன. ஆகவே ‘மூன்றே’ என்ற எண் நிற்காது.

இன்னும், தோமாவின் எலும்புகள் இந்தியாவிலிருந்து எதேசாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டதாக நான்காம் நூற்றாண்டில் எப்பிரேம் பாடியிருக்கிறார். அந்நூற்றாண்டின் இறுதியில் எகேரியா என்னும் பயணி எதேசாவில் அவ்விடத்தை வணங்கினார். இத்தாலியின் ஓர்த்தோனா 1258 முதல் அவற்றை வைத்திருப்பதாகச் சொல்கிறது. மயிலைப் பாரம்பரியம் இதனால் அழிந்துவிடவில்லை. எலும்பு சென்றது இந்தியாவிலிருந்து என்பதே அங்குள்ளோரின் கூற்றன்றோ? பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோவும் இக்கரையில் தோமாவின் கல்லறைக்குக் கிறிஸ்தவரும் முகம்மதியரும் வந்து வணங்கியதை எழுதினார். பழமையான, மதிக்கத்தக்க பாரம்பரியம் என்று இதைச் சொல்லலாம். உலகில் மூன்றே என்று சொல்லலாகாது.

இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் அரசன் 883இல் மயிலாப்பூருக்குத் தூதர் அனுப்பினான் என்ற செய்தியும் இத்தன்மையதே. ஆங்கிலோ சாக்சன் நாளாகமத்தின் மிகப் பழைய கைப்பிரதியில் இக்குறிப்பு இல்லை. மற்றப் பிரதிகளுள் சில இந்தியா என்றும், சில யூதேயா என்றும் படிக்கின்றன. எப்பிரதியிலும் மயிலாப்பூர் இல்லை. பாடபேதங்களை ஆராயக் கற்ற நம் மாணவர், அக்கல்வியைத் திருமறையோடு நிறுத்திவிடாமல் இவற்றுக்கும் பயன்படுத்தவேண்டும்.

6. ஐயம் தோற்ற இடங்கள்

இதுவரை சொன்னவற்றால், ஐயுறுவதே அறிவு என்று எவரும் கொள்ளாதிருப்பாராக. ஐயமும் தோற்றதுண்டு. மூன்றாம் நூற்றாண்டில் சீரிய மொழியில் எழுந்த ‘தோமாவின் நடபடிகள்’ என்னும் நூல், குண்டபோர் என்ற இந்திய அரசனைக் குறிப்பிடுகிறது. அப்பெயருடைய அரசன் வேறெங்கும் காணப்படாமையால், அது கற்பனைப் பெயராகவே தோன்றியது. 1830களில் தொடங்கி ஆப்கானிஸ்தானத்திலும் பஞ்சாபிலும் அவ்வரசனின் நாணயங்கள் வெளிவந்தன. தக்த்-இ-பாகி கல்வெட்டு அவன் காலத்தை முதல் நூற்றாண்டில் நிறுத்திற்று. இதனால் தோமா அவனைச் சந்தித்தார் என்று நிறுவப்படவில்லை. அவன் ஆண்ட நாடு வடமேற்கே உள்ளது என்பதும் நோக்கத்தக்கது. ஆயினும் நூலாசிரியர் மெய்யான ஒரு பெயரை அறிந்திருந்தார் என்பது உறுதியாயிற்று. சான்று இல்லை என்பதும் பொய் என்பதும் ஒன்றல்ல.

அவ்வாறே, இந்திய எழுத்தில் அச்சேறிய முதல் நூல் தமிழ் நூல் என்ற துணுக்கு முற்றிலும் மெய். அண்டிரிக்கு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. ஆனால் நம் சபைகளில் சிலர் அப்பெருமையைத் தரங்கம்பாடிக்கும் சீகன்பால்குக்கும் கொடுப்பதைக் கேட்கிறோம். அவர் 1706இல் வந்திறங்கினார். தமிழ் அச்செழுத்துகள் அங்கு வந்தது 1713இல். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் முந்திய கத்தோலிக்கத் துறவியின் உழைப்பை அவருக்குச் சூட்டவேண்டியதில்லை. இந்திய மொழி ஒன்றில் புதிய ஏற்பாட்டை முதன்முதல் அச்சிட்டு, 1715இல் முடித்தவர் என்ற புகழ் அவருக்கு உரியது, அது போதும்.

7. ஊசியின் காது

வரலாற்றுத் துணுக்கு திருமறை விளக்கத்துக்குள் நுழையும்போது கேடு மிகுதியாகிறது. ஒட்டகம் ஊசியின் காதிலே நுழைவதைப்பற்றி ஆண்டவர் சொன்னதை (மத்தேயு 19:24) விளக்குகையில், எருசலேமில் ‘ஊசியின் காது’ என்றொரு சிறு வாசல் இருந்ததென்றும், சுமை இறக்கி முழங்காலிட்டால் ஒட்டகம் அதில் நுழையுமென்றும் பலர் கூறுகின்றனர். ஆண்டவர் காலத்து எருசலேமில் அப்படியொரு வாசல் இருந்ததற்குத் தொல்பொருட் சான்றும் இல்லை, அக்கால எழுத்துச் சான்றும் இல்லை. இவ்விளக்கம் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரே தோன்றுகிறது. ஊசியின் காதில் யானை நுழைவதை இயலாமைக்கு எடுத்துக்காட்டும் வழக்கு பாபிலோனியத் தல்மூதில் உண்டு. ஆண்டவரின் சொல்லும் அவ்வகையினதே.

இத்துணுக்கு செய்வதென்ன? இயலாததை இயலுவதாக்கிவிடுகிறது. சற்றுக் குனிந்தால் செல்வனும் நுழைந்துவிடலாம் என்று ஆறுதல் சொல்கிறது. அப்படியானால் சீடர்கள் திகைத்து, யார்தான் இரட்சிக்கப்படக்கூடும் என்று ஏன் கேட்டார்கள்? மனிதரால் கூடாதது கடவுளால் கூடும் என்ற மறுமொழிக்கு என்ன பொருள்? கிருபையை வேண்டி நிற்கச் செய்யும் ஒரு சொல்லை, கட்டடச் செய்தி ஒன்று விழுங்கிவிடுகிறது.

8. நாம் ஏன் எளிதில் நம்புகிறோம்?

மேற்கண்டவற்றை நிரல்படுத்தி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நாம் விரும்பிச் சொல்லும் துணுக்குகளில் பெரும்பாலானவை நம் பழமையையும் பெருமையையும் நிறுவுவன. கிறிஸ்தவம் வெள்ளையர் கொணர்ந்த அந்நிய மதம் என்ற பழியை நாம் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறோம். அப்பழி நம்மை வருத்துகிறது. ஆகவே முதல் நூற்றாண்டுச் சிலுவையும் தோமாவின் சீடராகிய வள்ளுவரும் நமக்கு வேண்டியவர்களாகின்றனர். இவ்வேட்கையை நாம் இகழவில்லை. சிறுபான்மையாய் வாழும் மக்களின் மனம் அப்படித்தான் ஏங்கும். ஆயின் இந்நாட்டில் நமக்குள்ள உரிமை எத்துணைப் பழமையானவர் நாம் என்பதைப் பொறுத்ததன்று. நேற்றுத் திருமுழுக்குப் பெற்ற உழவனும் இம்மண்ணின் மகனே. பொய்த் தூணின்மேல் கட்டிய பெருமை, பகைவர் ஒருவர் அத்தூணைத் தட்டிப் பார்க்கும் நாளில் மெய்யானவற்றையும் சேர்த்து வீழ்த்திவிடும். பரங்கிமலைக் கல்லோ எவர் தட்டினும் நிற்கும். எனினும் அதில் உள்ளதை மட்டும் நாம் சொல்லவேண்டும்.

9. சில நெறிகள்

அருளுரை ஆயத்தம் செய்வோருக்குச் சில நெறிகளை முன்வைக்கிறோம். முதலாவது, ஒரு செய்தியைச் சொல்லுமுன் அதை முதலில் சொன்னவர் யார், நிகழ்ச்சிக்கும் அவருக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் என்று தேடவேண்டும். இரண்டாவது, கல்வெட்டோ நூலோ சான்றாகக் காட்டப்பட்டால், அதில் உள்ள எழுத்து எது, அதன்மேல் எழுப்பிய ஊகம் எது என்று பிரிக்கவேண்டும். மூன்றாவது, பல நூல்கள் சொல்வதாகத் தோன்றினால் அவை தனித்தனிச் சாட்சிகளா என்று பார்க்கவேண்டும். நான்காவது, இச்செய்தி நமக்கு எதிராக இருப்பின் இதே சான்றை ஏற்போமா என்று நம்மை நாமே வினவவேண்டும். ஐந்தாவது, உறுதியானதை உறுதியாகவும், பாரம்பரியத்தைப் பாரம்பரியம் என்றும், ஊகத்தை ஊகம் என்றும் சொல்லவேண்டும். ‘என்று பாரம்பரியம் கூறுகிறது’ என்ற மூன்று சொற்களைச் சேர்ப்பதால் அருளுரை வலுவிழக்காது. கேட்போரின் நம்பிக்கை வளரும்.

இந்நெறிகள் அயலிடத்திலிருந்து வந்தவையல்ல. பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பதை நியாயப்பிரமாணம் கட்டளையிட்டதோடு, ஆதாரமற்ற சொல்லை ஏற்காதிருக்கவும் அது கற்பித்தது (யாத்திராகமம் 23:1). லூக்கா தாம் கேட்டவற்றைத் தொடக்கத்திலிருந்து ஆராய்ந்து எழுதுவதாகத் தம் நற்செய்தியின் முகப்பிலேயே சொல்கிறார். பவுல் சொன்னதைக்கூட அப்படியே ஏற்காமல் நாள்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்த பெரேயா ஊராரை நற்குணசாலிகள் என்று அவர் போற்றுகிறார் (அப்போஸ்தலர் 17:11). எதையும் சோதித்து நலமானதைப் பிடித்துக்கொள்ளும்படி தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்டது. வள்ளுவரும் அறிவுடைமைக்கு இதையே இலக்கணமாக வகுத்தார்.

நம் நாட்டின் அப்போஸ்தலன் என்று நாம் போற்றும் தோமாவே, பிறர் சொன்னதைக்கொண்டு மட்டும் நம்ப மறுத்துக் காயங்களைக் காணவேண்டும் என்றவர். ஆண்டவர் அவரைத் தள்ளிவிடவில்லை. தம் கைகளைக் காட்டினார். கண்டபின் தோமா அறிக்கையிட்டது நற்செய்தி நூலின் மிக உயர்ந்த அறிக்கைகளுள் ஒன்று. அவர் பெயரால் வழங்கும் செய்திகளை அவர் கேட்ட கேள்வியோடு அணுகுவது அவருக்குச் செய்யும் அவமதிப்பு ஆகாது. படப்பையிலும் ஒரகடத்திலும் நம் முன் அமரும் இளைஞர் அக்கேள்வியோடுதான் அமர்கின்றனர். அவர்கள் தேடிப் பார்க்கும் வேளையில், நாம் சொன்னது நாம் சொன்னபடியே இருக்கக் காணும்படி, ஒவ்வொரு வாரமும் அருளுரைக் குறிப்பை மேசையில் விரிக்கும்போதே இச்சோதனையைச் செய்துகொள்வது திருப்பணியாளராகிய நம் கடமையாகும்.